இணைப்பின் எழில்

தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுக்கப்பட்ட சங்குகள் நெடுங்காலம் வங்கநாட்டிற்கு அனுப்பப்பட்டன. அங்குள்ள தொழிலாளர் அவற்றைக் குறுக்கே அறுத்து வளையல்கள் செய்தனர். தூத்துக்குடிக் கரையிலோ, தச்சர்கள் பலகைகளை இணைத்துத் தோணிகள் கட்டினர். அறுத்தல் ஒரு கலை; இணைத்தல் மற்றொரு கலை. இவ்விரண்டும் சிறியதொரு பொருளில் கூடி நிற்பதைக் காண விரும்புவோர், துண்டுகளை இணைத்துக் கடைந்த பேனாவைக் காணல் வேண்டும்.

கையாற் பேனா கடையும் தொழில் நம் நாட்டிற்குப் புதியதன்று. கோதாவரிக் கரையிலுள்ள ராஜமுந்திரியில், சுதேசி உணர்ச்சியின் பயனாக ரத்னம் பேனாக்கள் தோன்றின. 1935ஆம் ஆண்டில் காந்தியடிகள் அப்பேனாவைப் பாராட்டி மடல் எழுதினார். ஒரே கோலினின்று பேனா கடைவது ஒரு முறை. நிறம் வேறுபட்ட மரத்துண்டுகளை ஒட்டி, நடுவே துளையிட்டுப் பித்தளைக் குழாயைச் செருகி, கடைசல் எந்திரத்திற் சுழற்றி உளியாற் கடைவது மற்றொரு முறை. இதனைத் துண்டிணைப்பு முறை எனலாம்.

இம்முறையில் அமையும் கோலங்கள் பலவகைப்படும். கருங்காலி, தேக்கு, பலா ஆகியவற்றின் சிறு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடைந்தால், பேனாவைச் சுற்றி வளையங்கள் தோன்றும். நீண்ட பட்டைகளைச் சுற்றிலும் நிறுத்தி ஒட்டினால், நெடுங்கோடுகள் தோன்றும். அவ்வாறு ஒட்டியதைக் குறுக்கே அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றாகத் திருப்பி மீண்டும் ஒட்டினால், சதுரங்கக் கட்டங்கள் உண்டாகும்.

இவற்றினும் வியப்பிற்குரியது முடிச்சுக் கோலம். உருளையை நேர்குறுக்காக அறுத்தால் வெட்டுமுகம் வட்டமாகும். சாய்வாக அறுத்தால் நீள்வட்டமாகும். சதுரக்கோலின் நான்கு பக்கங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாக அறுத்து, ஒவ்வொரு முறையும் மெல்லிய தகட்டைச் செருகி ஒட்டுவர். கடைந்தபின் நான்கு நீள்வட்டங்கள் ஒன்றையொன்று பின்னிய முடிச்சுப்போல் விளங்கும். வாள் அறுத்தபோது எவ்வளவு மரம் பொடியாகிப் போயிற்றோ, அவ்வளவு தடிப்பே தகட்டிற்கும் இருத்தல் வேண்டும். இன்றேல் வளையங்கள் விலகி, முடிச்சுக் குலையும்.

கணக்கறிவின்றி இக்கலை கைகூடாது. ஆறு துண்டுகளால் ஒரு வளையம் அமைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு துண்டும் 60 பாகைக் கோணம் உடையது. அதன் இரு பக்கங்களும் 30 பாகைச் சாய்வில் அறுக்கப்படுதல் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் அரைப் பாகை குறைந்தால், பன்னிரண்டு பக்கங்களிலும் சேர்ந்து 6 பாகை இடைவெளி உண்டாகிவிடும். தனித்தனியே நோக்கின் கண்ணுக்குப் புலப்படாத பிழை, ஒன்று சேர்ந்தவுடன் வெளிப்பட்டு விடுகிறது.

மரம் நன்கு உலர்ந்திருத்தலும் வேண்டும். ஈரமுள்ள மரம் பின்னர்ச் சுருங்கும், ஒட்டு விடும். செவ்வையாக ஒட்டாத துண்டு, விரைந்து சுழலும்போது தெறித்துக் கடைபவரைக் காயப்படுத்தவும் கூடும். அதனால் கண்காப்பு அணிந்தே கடைதல் வேண்டும்.

பலகை இணைப்பிலுள்ள சிறு பிளவு தோணிக்குக் கேடாகும். துண்டின் சிறு பிழை பேனாவிற்குக் கேடாகும். ஒட்டும்போது மறைந்த குற்றம் கடையும்போது மறைவதில்லை. பிறர் காணாத இடத்திலும் செம்மையாகச் செய்வதே தொழிலின் சிறப்பு. கழித்தெறியத் தக்க சிறு துண்டுகளும் அத்தகைய கையிற் சேர்ந்தால், எழுத்தைத் தாங்கும் எழிற்பொருளாகின்றன.