எந்த ஏரியா?

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் பக்கத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2020 மே மாதம் மினியாபொலிஸ் தெருவில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் அவர் கழுத்தில் முழங்காலை ஊன்றியிருந்த காட்சியைப் பார்த்துவிட்டு, அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை என்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில், காசிமேட்டுப் பையன் ஒருவன் மாவுக்கட்டுப் போட்ட கையோடு நிற்கும் படம் போனுக்கு வந்ததையும், "இவன்களுக்கு இதுதான் மருந்து" என்று அதை நீங்களே பத்துப் பேருக்கு அனுப்பியதையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

டோல்கேட் பக்கம் உங்கள் செயினைப் பறித்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் காயம் இன்னும் ஆறவில்லை, இருட்டினால் வெளியே போகக் கால் வரவில்லை என்கிறீர்கள். அந்தப் பயத்தைச் சின்னதாக்கி நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன். பறித்தவன் பிடிபட வேண்டும், கோர்ட்டில் நிற்க வேண்டும், தண்டனை வாங்க வேண்டும். ஆனால் படத்தில் நிற்கும் பையன் அவன் இல்லை. இவன் என்ன செய்தான் என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது.

பிடிபட்டவன் கை ஒடிந்ததற்குப் போலீஸ் சொல்லும் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தான்" என்பது தமிழ்நாட்டில் இன்று எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்த வாக்கியம். சொல்பவருக்கும் தெரியும், எழுதுபவருக்கும் தெரியும், படித்துச் சிரிப்பவருக்கும் தெரியும். போலீஸ் பிடியில் இருப்பவனின் எலும்பை ஒடிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே சிரிக்கிறோம். இது என்னைத் தூங்கவிடாத விஷயம், டீச்சர்.

நான் இதுவரை எங்கும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. தண்டையார்பேட்டையில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு மூன்று பேர் நடந்து வந்துகொண்டிருந்தோம். ஜீப் நின்றது. "எந்த ஏரியாடா?" முதலாமவனின் அப்பா பேங்கில் வேலை, மயிலாப்பூரில் வீடு. எங்கள் வீட்டில் தங்க வந்திருந்தான். அவனைப் பார்த்துப் போகச் சொன்னார்கள். நான் காலடிப்பேட்டை என்றேன், காலேஜ் அடையாள அட்டையைக் காட்டினேன். இரண்டு அறை, ஒரு அறிவுரை, அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவன் குப்பத்துப் பெயரைச் சொன்னான். அவனை ஏற்றிக்கொண்டார்கள். மூவரும் பார்த்தது ஒரே படம், வந்தது ஒரே ரோடு. அவன் மேல் சந்தேகக் கேஸ் போட்டார்கள். ரேகை எடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அதன்பிறகு தேர்தல் வந்தால், தலைவர் யாராவது ஊருக்கு வந்தால், அவன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. துறைமுகத்தில் கிடைத்த காண்டிராக்ட் வேலை, போலீஸ் சான்றிதழ் கேட்டபோது போய்விட்டது. அந்த இரவில் ஜீப்புக்கு முன்னால் நின்று "அவன் என்னோடுதான் வந்தான்" என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அமெரிக்காவில் நிறம் செய்யும் வேலையை இங்கே முகவரி செய்கிறது. முகவரிக்குள் சாதி இருக்கிறது, தொழில் இருக்கிறது, பேச்சு வழக்கு இருக்கிறது. நிறமும் கொஞ்சம் இருக்கிறது. நம் சென்னையின் கதையே அப்படித்தான் தொடங்கியது. கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் பட்டணம், கோட்டைக்கு வெளியே வடக்கில் இருந்தது கறுப்பர் பட்டணம். ஆங்கிலேயரின் வரைபடங்களிலேயே அந்தப் பெயர்தான். பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வந்து போனபின், பீரங்கிக்கு இடம் வேண்டும் என்று பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்துத் திடலாக்கி எல்லைத் தூண்கள் நட்டார்கள். 1773 என்று பொறித்த ஒரு தூண் பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. நம் காலடிப்பேட்டையும் அந்தக் காலத்துப் பேட்டைதான். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. கல்யாண வரதராஜர் கோயில் தெருவில் வளர்ந்த உங்களுக்கு இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு வந்த நகரம் தனக்கு வேண்டாத சாம்பலை எண்ணூருக்கும், எண்ணெயை மணலிக்கும், குப்பையைக் கொடுங்கையூருக்கும் தள்ளியது. அந்த மண்ணில் வாழ்பவர்களைப் பற்றிய எண்ணமும் அதோடு சேர்ந்தே வந்தது.

போலீஸ் அடிக்குக்கூட நம்மூரில் பழைய கோப்பு உண்டு. வரி வசூலிலும் விசாரணையிலும் நடக்கும் சித்திரவதையை ஆராய மதராஸ் மாகாணத்தில் ஒரு கமிஷன் போட்டார்கள். 1855ல் அறிக்கை வந்தது. விரல்களை நசுக்கும் கிட்டியைப் பற்றி அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. வரி வாங்குவதும் காவலும் ஒரே கையில் இருப்பதுதான் கோளாறு என்று அதற்குப்பின் 1859ல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. கிட்டி போனது, லத்தி வந்தது. 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து, 1911ல் இங்கேயும் நுழைந்தது. நம் பக்கத்தில் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை வளர்ந்தால் திருடன் என்று அரசாங்கமே எழுதிவைத்த சட்டம் அது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். நாடு முழுவதும் அந்தச் சட்டம் போனது 1952ல்தான். அதன் நினைப்பு போனதா என்று என் நண்பனைத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி நியாயமானது. "எல்லாப் போலீஸ்காரரும் கெட்டவரா?" இல்லை. 1993ல் லண்டனில் ஸ்டீஃபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞன் பஸ் ஸ்டாப்பில் கொல்லப்பட்டான். கொலையைப் போலீஸ் விசாரித்த லட்சணத்தை ஆராய்ந்த மேக்ஃபெர்சன் அறிக்கை 1999ல் வந்தது. கெட்ட அதிகாரி ஒருவரைக் காட்டி முடிந்துவிடுகிற விஷயம் இல்லை, ஓர் அமைப்பின் பழக்கங்களும் அசட்டையும் முன்முடிவுகளும் சேர்ந்தே ஒரு நிறத்தாரைக் கைவிடுகின்றன என்றது அது. அதே 1993ல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ராஜாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. அவர் குறவர். களவு போன நகைக்கு முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். 'ஜெய்பீம்' படம் வந்தபோது நீங்கள் அழுததாகச் சொன்னீர்களே, அந்த வழக்குதான்.

2020ல் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்காக நாடே பேசியது. பேச வேண்டியதுதான். 2022 ஏப்ரலில் சென்னையில் வாகனச் சோதனையில் பிடிக்கப்பட்டு இறந்த விக்னேஷ், மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்தவர். அந்த ஆண்டு ஜூனிலேயே கொடுங்கையூர் காவல் நிலையத்தில் ராஜசேகர் இறந்தார். இந்த இரண்டு பெயரும் நம் தெருவில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 'பழைய குற்றவாளி' என்ற சொல் செய்தியில் வந்துவிட்டால் நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

போலீஸ் வைத்திருக்கும் பட்டியல் அப்படிப்பட்ட ஆயுதம். காவல் நிலையத்தில் ஒருவன் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்தால் மூடுவது லேசில் நடக்காது. 1982ன் குண்டர் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம்வரை உள்ளே வைக்கலாம். தடுப்புக் காவலில் இருப்பவர்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக நாட்டிலேயே முதல் வரிசை. பிறந்த சாதியையோ பின்தங்கிய நிலையையோ வைத்து இயந்திரம்போல ஹிஸ்டரி ஷீட்டில் பெயர் ஏற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் பிரித்து வைப்பதும் செல்லாது என்றது. காவல் நிலையங்களில் கேமரா வைக்க வேண்டும் என்ற தீர்ப்பு 2020லேயே வந்துவிட்டது. தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. கேட்க ஆள்தான் இல்லை. கேட்க வேண்டிய நாம் போனில் மாவுக்கட்டுப் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் தெருக் கோடியில் ரிட்டையர் ஆன ஏட்டையா ஒருவர் இருக்கிறாரே, அவரோடு ஒரு சாயங்காலம் பேசினேன். மாதக் கடைசியில் கேஸ் கணக்குக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மேலிருந்து திட்டு விழும் என்றார். குப்பத்துக்குப் போனால் கேள்வி கேட்க வக்கீல் வரமாட்டார், அதனால் அங்கே போவோம் என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அவருடைய அம்மாவும் மீன் விற்றவர்.

நம் பகுதியில் போலீஸ் நடத்தும் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் இருக்கின்றன. கேரம் போர்டு உண்டு, டியூஷன் உண்டு. நல்லதுதான். அங்கே பையன்கள் போலீஸ் பேசுவதைக் கேட்கிறார்கள். பையன்கள் பேசிப் போலீஸ் கேட்கும் இடம் ஒன்று வேண்டும். ஜீப் ஏன் எப்போதும் எங்கள் சந்தில் நிற்கிறது, என் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது, எடுக்க யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்க வேண்டும். செயின் பறிகொடுத்தவர்களும் அதே அறையில் உட்கார்ந்து தங்கள் பயத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் முப்பது வருஷம் மாநகராட்சிப் பள்ளியில் பாடம் எடுத்தவர். இந்தப் பக்கத்து ஏட்டுகளிலும் பையன்களிலும் பாதிப் பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். நீங்கள் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் குரலை உயர்த்தமாட்டார்கள்.

ஏட்டையா வருகிறேன் என்றிருக்கிறார். என் நண்பனையும் கேட்டேன். இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், பேரன் இருக்கிறான். நெடுநேரம் யோசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டான்: "ஸ்டேஷன்ல இல்லியே?" இல்லை, டீச்சர் வீட்டுத் திண்ணையில் என்று உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். வரும் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு முடியுமா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்