டீஃப்ராக் மென்பொருளுக்குக் காசு செலவழிக்கலாமா?

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டர் ரொம்பவே மெதுவாகிவிட்டது. டீஃப்ராக் செய்ய நல்ல மென்பொருள் எது? காசு கொடுத்து வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே டீஃப்ராக் வசதி, அதாவது டிஸ்க்கில் சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வசதி, இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'டீஃப்ராக்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். திறக்கும் பெட்டியில் 'மீடியா டைப்' என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே சாலிட் ஸ்டேட் டிரைவ் (எஸ்எஸ்டி) என்றிருந்தால், வேறு டீஃப்ராக் மென்பொருள் எதையும் அதன்மேல் ஓட்டாதீர்கள். அதில் சுழலும் தட்டு இல்லை. கோப்பு சிதறிக் கிடந்தாலும் பெரிய தாமதம் வராது. திரும்பத் திரும்ப எழுதுவதால் அதன் ஆயுள்தான் குறையும். அதற்குத் தேவையான 'டிரிம்' வேலையை (அழித்த கோப்புகளின் இடத்தை டிரைவுக்குத் தெரிவிப்பதை) விண்டோஸே செய்துவிடும்.

ஹார்ட் டிஸ்க் என்றால் டீஃப்ராக் பயன்படும். வாரம் ஒருமுறை தானாக நடக்க வேண்டும். கடைசியாக ஓடிய தேதி பல மாதம் பழையதாக இருந்தால் 'ஆப்டிமைஸ்' பட்டனை அழுத்துங்கள். குறிப்பிட்ட ஒரு கோப்பை மட்டும் சீராக்க வேண்டுமானால் டீஃப்ராக்லர் என்ற இலவச மென்பொருள் போதும். அது சிதறல் அதிகம் என்று காட்டினால் பதறாதீர்கள். 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைச் சேர்ப்பதில் பலன் சொற்பம் என்பதால் விண்டோஸ் அவற்றைத் தொடுவதில்லை.

டீஃப்ராக் ஓட்டும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால், முதல் வேலையாகப் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் வேகமாக வேண்டுமானால், மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தை 256 ஜிபி எஸ்எஸ்டி வாங்கச் சேர்த்து வையுங்கள்.