தொண்டில் மலரும் தோழமை

பொன்முடி மலைச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்குள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி, திருவனந்தபுரத்து மகளிர் கல்லூரியில் சேரும் தமிழ் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். மலையாளம் அறிந்தவளே ஆயினும், தன் வீட்டுத்தமிழைக் கேட்டுப் பிறர் நகைப்பரோ என அஞ்சித் தனித்திருக்கிறாள்.

அவள் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்கிறாள். காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி, 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்ற திட்டம் இது. தன்னினும் பிறரை முன்வைப்பதே இதன் குறிக்கோள். இதில் சேர்ந்தோர் ஈராண்டில் 240 மணி நேரம் தொண்டாற்றுவர். ஏழு நாள் சிறப்பு முகாமில் ஒன்றாகத் தங்குவர்.

முகாமில் மரக்கன்று நடும்போது, தோழி குடிப்பதற்கு ‘வெள்ளம்’ கேட்கிறாள். “எங்கள் தமிழில் வெள்ளம் ஊரையே அடித்துச் செல்லும்!” என்கிறாள் இவள். இருவரும் சேர்ந்து நகைக்கின்றனர். “இன்னும் சில தமிழ்ச்சொற்கள் கூறு” என்கிறாள் தோழி.

மறைத்து வைத்த மொழியே நட்பின் வாயிலாயிற்று.

பயிற்சி
1. மாணவி தனித்திருந்தது ஏன்?
2. உங்கள் வீட்டுச்சொல் ஒன்றை நண்பருக்கு விளக்கி எழுதுக.