லாரி பார்சலில் கம்ப்யூட்டர் வருகிறதா? கையெழுத்துப் போடும் முன் கவனியுங்கள்!

உள்ளூர்க் கடையில் கம்ப்யூட்டர் வாங்கினால் ஆட்டோவில் வைத்துக் கொண்டு வந்துவிடலாம். சிபியு, மானிட்டர், யூபிஎஸ், பிரிண்டர், மேஜை என எல்லாம் வெளியூரிலிருந்து லாரி பார்சலில் வரும்போது சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பெருங்களத்தூரில் உள்ள என் வீட்டுக்குச் சில முறை இப்படி வரவழைத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. எல்.ஆர். வாங்குங்கள்: லாரி ரசீதைத்தான் எல்.ஆர். என்பார்கள். பெட்டிகளின் எண்ணிக்கை, எடை, பொருளின் மதிப்பு அதில் இருக்கும். 'பெய்ட்' என்றால் வாடகை கட்டியாயிற்று. 'டு பே' என்றால் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

2. எங்கே டெலிவரி?: குடோன் டெலிவரி என்றால் நாம்தான் போய் எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி சாலையில் வரும் பெரிய லாரி நம் குறுகிய தெருக்களில் நுழையாது. 'குட்டி யானை' வண்டி பேசிக்கொள்ளுங்கள். டோர் டெலிவரி என்றாலும் பெரும்பாலும் வாசல் வரைதான். மாடிக்கு ஏற்றும் கூலியை முன்பே கேட்டுவிடுங்கள்.

3. மதிப்பைச் சொல்லுங்கள்: இதுதான் மிக முக்கியம். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும், 2011-இல் வந்த அதன் விதிகளும் நஷ்ட ஈட்டுக்கு வரம்பு வைத்துள்ளன. பொதுவாக, கட்டிய வாடகையைப் போல 10 மடங்குதான் கிடைக்கும். வாடகை ரூ.600 என்றால் ரூ.6,000. உங்கள் கம்ப்யூட்டரோ ரூ.60,000! புக்கிங்கின்போதே கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டச் சொல்லுங்கள். அல்லது இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லுங்கள்.

4. பார்த்த பிறகே கையெழுத்து: டிரைவர் அவசரப்படுத்துவார். பெட்டிகளை எண்ணுங்கள். மூலை நசுங்கியிருக்கிறதா, நனைந்திருக்கிறதா, டேப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை எனக்கு வந்த மானிட்டர் பெட்டி ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. டெலிவரி ரசீதிலேயே 'பெட்டி நசுங்கியுள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, போட்டோவும் எடுத்தேன். கண்ணாடி விரிசல் விட்டிருந்ததால் அந்த ஒரு வரியே எனக்குச் சாட்சியானது; வேறு மானிட்டர் கிடைத்தது.

5. உடனே ஆன் செய்யாதீர்கள்: பெட்டியின் மேல் உள்ள அம்புக்குறி மேல்பக்கத்தையும், கோப்பைப் படம் உடையும் பொருள் என்பதையும், குடைப் படம் நனையக் கூடாது என்பதையும் குறிக்கும். சிபியுவை லேசாக அசைத்துப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் ராம், கிராஃபிக்ஸ் கார்டு அல்லது ஒரு ஸ்குரூ கழன்றிருக்கலாம். வாரண்டி சீல் இருந்தால் நீங்கள் திறக்காமல் சர்வீஸ் ஆளை அழையுங்கள். மழையில் நனைந்திருந்தால் நன்கு உலரும்வரை மின்சாரம் கொடுக்கவே வேண்டாம்.

6. புகாருக்குக் கெடு: சேதம் பற்றிய நோட்டீஸை எழுத்து மூலம், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பார்சல் நிறுவனத்துக்குத் தர வேண்டும். பொருள் கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல என்பதை மறவாதீர்கள்.

எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று தெரியும்வரை அட்டைப் பெட்டியையும் தெர்மோகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் அவைதான் கைகொடுக்கும்.