இளங்காளையைச் சண்டியாக்காமல் ஏருக்குப் பழக்கும் முறை

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுக் குளம்பையும் கவனித்த பிறகு, வாங்க வந்த விவசாயி கடைசியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படுக்குமா?" என்பதே அது. நுகத்தடியைக் கழுத்தில் வைத்ததும் முன்னங்காலை மடித்துப் படுத்துவிடும் காளை, பார்வைக்கு எவ்வளவு இலட்சணமாக இருந்தாலும், அதற்கு வேலைமாட்டு விலை கிடைக்காது. அதன் ஜோடி மாட்டுக்கும் மதிப்புக் குறைந்துவிடும். மூன்று ஆண்டு தீனி போட்டு வளர்த்த கன்று அடிமாட்டு விலைக்குப் போவது சிறு விவசாயிக்குத் தாங்கக்கூடிய நஷ்டமல்ல.

இக்குணத்தைப் பிறவிக்குணம் என்று சொல்லி, வாங்கிய இடத்தையும் சுழியையும் குறை கூறுவது வழக்கம். பெரும்பாலும் அது சரியல்ல. பழக்கியவர் அவசரப்பட்ட ஒன்றிரண்டு நாட்களில்தான் சண்டிமாடு உருவாகிறது. டிராக்டர் எங்கும் வந்துவிட்ட போதிலும், வரப்பு நெருங்கிய துண்டு நிலத்திற்கும், பயிருக்கு இடையே ஓட்டும் உழவுக்கும், எரு அடிக்கும் வண்டிக்கும் ஒரு ஜோடி மாட்டை நம்பியிருக்கும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. அவர்கள் வீட்டுக் கன்றையே பழக்கிக் கொண்டால் சந்தைச் செலவு மிச்சம்.

கன்றுப் பருவத்திலேயே தொடக்கம்

ஏருக்குப் பழக்குவது நுகத்தடியில் தொடங்குவதில்லை. காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் நிறம் மாறும். அந்த ஆறு மாதத்திற்குள் மனிதன் கை அதன் உடம்பு முழுவதும் பட்டுப் பழகியிருக்க வேண்டும். தாடை, திமில், அடிவயிறு, வால், நான்கு கால் குளம்பு எல்லாவற்றையும் தினம் ஒருமுறை தடவிக் கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். காலைத் தூக்கிப் பார்க்கப் பழகிய கன்று, பிற்காலத்தில் லாடம் கட்டும்போது உயிரே போவது போல் துள்ளாது. ஒரு பெயர் வைத்து, தீனி வைக்கும்போதெல்லாம் அப்பெயரால் அழைப்பதும் வீண் வேலை அல்ல. பின்னர் ஏரில் இரண்டு மாட்டில் எதற்குச் சொல்கிறோம் என்பதை அது தெரிந்து கொள்வது இதனால்தான்.

கன்று ஈன்ற ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் குடிக்கச் செய்வதும், பத்தாம் நாள் முதல் தடவையும் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும் உழவு மாட்டுக்கும் அடிப்படையே. கன்றில் பானை வயிறும் ஒட்டிய முதுகுமாக நின்றது, காளையான பிறகு நுகத்தடியில் நிற்காது.

மூக்குக் குத்துவதை ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதிற்குள் செய்யலாம். தை, மாசி மாதங்கள் ஏற்றவை. மழைக்காலத்தில் குத்தினால் ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைத்துவிடும். இரு மூக்குத் துவாரங்களுக்கு நடுவே, குருத்தெலும்புக்கு முன்னால் விரலால் அழுத்தினால் மெல்லிய தோல் போல் ஓரிடம் தட்டுப்படும். கொதிநீரில் போட்டெடுத்த ஊசியால் அவ்விடத்தில்தான் குத்த வேண்டும். எலும்பில் குத்தியது ஆறாது. மெல்லிய நூல்கயிற்றைக் கோத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவி, இரண்டு மூன்று வாரம் அக்கயிற்றை இழுக்காமல் விட வேண்டும். ஆறாத மூக்கைப் பிடித்து இழுக்கப்பட்ட கன்று, ஆளைக் கண்டாலே தலையை ஆட்டும் குணத்தை ஆயுள் முழுதும் விடுவதில்லை.

காயடிப்பதற்குக் கல்லும் மரக்கட்டையும் வைத்து நசுக்கும் பழைய முறை கொடுமையானது. சில சமயம் மாடு இறப்பதும் உண்டு. கால்நடை மருந்தகத்தில் வலி தெரியாமல் மருந்து கொடுத்து, பர்டிசோ இடுக்கியால் தோல் கிழியாமல் நரம்பை மட்டும் நசுக்கி விடுகிறார்கள். காயடித்த பிறகும் சில வாரங்கள் சினைப் பருவத்திலுள்ள கிடேரிகளோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

முதல் பூட்டு

பால்பல் விழுந்து முதல் இரண்டு நிலைப்பல் முளைப்பது ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வயதில். இரண்டு பல் கண்ட பின் பழக்கத் தொடங்கலாம். முழுச் சுமை ஏற்றுவது ஆறு பல் கண்ட பிறகே. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஓராண்டைப் பொறுத்துக்கொள்ள மனமில்லாதவர், பழக்கிய மாட்டை விலைக்கு வாங்கிக் கொள்வதே நலம்.

புதுக் காளையைப் புதுக் காளையோடு பூட்டுவது பெருந்தவறு. ஒன்று மிரண்டால் இரண்டும் ஓடும். வயதான, சாதுவான உழவு மாடு ஒன்று வீட்டில் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் பத்து நாளைக்கு இரவல் வாங்கியாவது அதனுடன் சேர்க்க வேண்டும். உயரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒத்திருப்பது அவசியம். உயரம் ஒவ்வாவிட்டால் நுகத்தடி சாய்ந்து, பாரம் ஒரே கழுத்தில் இறங்கிப் புண் உண்டாகும். முதல் நாளிலேயே எது வலத்தான், எது இடத்தான் என்று முடிவு செய்து, தொழுவத்திலும் அதே பக்கம் கட்டி வர வேண்டும்.

முதல் நான்கைந்து நாட்களுக்கு வெறும் நுகத்தடி மட்டும். அதிகாலைக் குளிர்ச்சியில், அரை வயிற்றுத் தீனியோடு, கால் மணி நேரம் நடத்தினால் போதும். பழக்கமுள்ள ஒருவர் இளங்காளையின் தலைக்கயிற்றைப் பிடித்து முன்னால் நடக்க, ஓட்டுபவர் பின்னால் வர வேண்டும். பூட்டாங்கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையில் நான்கு விரல் நுழையும் இடைவெளி இருப்பது முக்கியம். தொண்டை இறுகினால் மூச்சு முட்டும். மூச்சு முட்டிய மாடு படுக்கும். படுத்ததும் கயிறு தளர்கிறது என்பதை அது கண்டுகொள்ளும். சண்டித்தனத்தின் முதல் பாடம் இவ்வாறுதான் அரங்கேறுகிறது.

அடுத்த வாரம் ஒரு சிறு மரக்கட்டையைக் கட்டி இழுக்கவிடலாம். பின்னால் ஏதோ உரசிக்கொண்டு வரும் ஓசைக்குத்தான் காளை மிரளும். பாரம் அதற்குப் பெரிதல்ல. மூன்றாம் வாரம் பரம்புப் பலகை. அதன்பின் ஏற்கெனவே உழுது நெகிழ்ந்த மண்ணில் ஏர். கெட்டித் தரையில் முதல் சாலை ஓட்ட வைக்கக் கூடாது. வண்டிக்கும் இதே வரிசைதான். முதலில் வெறும் வண்டி, சமதரை, பிறகு கொஞ்சம் பாரம், மேடேறுவது கடைசியில். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்ற கணக்கில் ஐந்து அல்லது ஆறு வாரத்தில் சாதாரணக் காளை பழகிவிடும். பர்கூர் மலை மாடு புது மனிதரிடம் எளிதில் ஒட்டாது. அதற்குக் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும்.

ஓட்டும் சொற்கள் வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபடும். எந்தச் சொல்லானாலும் பாதகமில்லை. நட, நில், திரும்பு என்பதற்கு அப்பா ஒரு சொல்லும் மகன் வேறு சொல்லுமாகச் சொன்னால் காளை இரண்டையும் கேட்காது. சொன்னதைச் செய்தவுடன் திமிலைத் தட்டிக் கொடுப்பதும், அவிழ்த்த பின் ஒரு கை ஊறவைத்த பருத்திக்கொட்டை வைப்பதும் அடியைவிட விரைவாக வேலை செய்யும்.

படுத்துவிட்டால்

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் படுக்கக்கூடும். அப்போது வாலைக் கடிப்பது, முறுக்குவது, கண்ணில் மிளகாய் தடவுவது, வைக்கோலைக் கொளுத்துவது எல்லாம் ஊரில் நடப்பவைதாம். வாலெலும்பு நழுவிய மாடுகளை எந்தச் சந்தையிலும் காணலாம். அவற்றில் சண்டித்தனம் தீர்ந்ததாகக் காட்ட ஒன்றும் கிடைக்காது.

முதலில் ஏரையோ வண்டியையோ நுகத்தடியிலிருந்து கழற்றிப் பாரத்தை நீக்க வேண்டும். பூட்டாங்கயிற்றைத் தளர்த்தி மூச்சு வாங்கவிட வேண்டும். கழுத்தில் வீக்கம், குளம்பில் முள், உடம்பில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோவிருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. நோவு எதுவும் இல்லையென்றால், பெயர் சொல்லி எழுப்பி, வெறும் நுகத்தடியோடு ஒரு இருபது அடியாவது நடக்க வைத்த பிறகே அவிழ்க்க வேண்டும். படுத்த இடத்திலேயே அவிழ்த்துவிட்டால் படுத்ததற்குக் கூலி கொடுத்தது போலாகும். மறுநாள் பாதிப் பாரம், பாதி நேரம்.

ஒரு மாடு தன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விசையோடுதான் நீடித்து இழுக்க முடியும். நானூறு கிலோ காளைக்கு நாற்பது கிலோ இழுவை. மண் காய்ந்து கலப்பை ஆழமாகச் சென்றால் இது எளிதில் இரட்டிக்கும். படுக்கும் மாட்டைத் திட்டுவதற்கு முன் கலப்பையின் ஆழத்தைப் பார்ப்பது நியாயம்.

இழுவை மாடுகள் குறித்து 1965ஆம் ஆண்டு வந்த மத்திய அரசு விதிகளின்படி, ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்திற்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலோ வண்டி இழுக்க வைக்கக் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சிக்கும் தடை உண்டு. இளங்காளைக்கு இதில் பாதியே அதிகம்.

பருவத்திற்கேற்ற பராமரிப்பு

பழக்கிய காளை தொழுவத்தில் தனியாக நிற்பதில்லை. இரண்டு பசு, ஒரு கிடேரி, சில கன்றுகள் என்று சிறு மந்தையாகவே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஆண்டு ஒரே சீராகச் செல்வதில்லை.

சித்திரை, வைகாசியில் வேலையை விடியற்காலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் முடித்துக்கொண்டு, நாளுக்கு நான்கு முறையாவது தண்ணீர் காட்ட வேண்டும். கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்துபோகும் காலம் இது. வெள்வேல மரத்தின் காயும் நிழலும் அங்கே கைகொடுக்கின்றன. வைக்கோல் மட்டுமே உள்ள இடங்களில், 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்துப் பிறகு கொடுக்கலாம். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. மிஞ்சிய கரைசல் மாட்டின் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

கோடையில் இன்னொரு ஆபத்து சோளப்பயிர். மழையின்றி வாடிய இளம் சோளத்திலும், அறுத்த தாளிலிருந்து ஒரு மழைக்குத் துளிர்த்த பயிரிலும் நஞ்சு ஏறியிருக்கும். வயிறு காய்ந்த மாடு அதில் புகுந்து மேய்ந்தால், மூச்சுத் திணறி அரை மணிக்குள்ளேயே விழுந்து இறந்துவிடக்கூடும். பூத்த பிறகு அறுத்துப் போடுவதே பாதுகாப்பு. மேய்ந்துவிட்டது தெரிந்தால் கைவைத்தியத்தில் நேரம் கழிக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஊசி போட்டால் பிழைக்கும்.

சப்பை நோய், தொண்டை அடைப்பான் ஆகியவற்றுக்கான தடுப்பூசியை மழை தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். கோமாரிக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை. 2019இல் இந்தியாவிற்குள் நுழைந்த தோல் கழலை நோய்க்கு ஆட்டம்மைத் தடுப்பூசி பயன்பட்டு வருகிறது. இவற்றை மாடு படுத்த பின் தேடுவதில் பயனில்லை.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொழுவத்தின் தரை காய்ந்திருப்பதே பாதி வைத்தியம். நத்தை மிகுந்த குளத்தோரப் புல்லால் தட்டைப்புழு தொற்றும். மழை ஓய்ந்ததும் அதற்குரிய மருந்து கொடுக்க வேண்டும். இக்காலத்தில் வரும் மூன்று நாள் காய்ச்சலில் நல்ல திடமான உழவு மாடுகளே அதிகம் அவதிப்படுகின்றன. ஒரு கால் நொண்டி, மறுநாள் வேறு கால் நொண்டும். விழுங்குவது கடினமாயிருக்கும் என்பதால் கஷாயத்தை வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். மூன்றாம் நாள் எழுந்து நிற்கிறதே என்று விதைப்பு அவசரத்தில் ஏரில் பூட்டுவதுதான் பெரும் பிழை. தேறியபின் ஒரு வாரம், பத்து நாள் ஓய்வு அவசியம். இளங்காளையை இந்த நிலையில் பூட்டினால் அது படுக்கும். படுக்கக் கற்றுக்கொள்ளவும் செய்யும்.

தை பிறந்தால் பழக்கத் தொடங்கும் பருவம். அதற்கு முன் மாட்டுப் பொங்கலைத் தாண்ட வேண்டும். அன்பின் மிகுதியில் வீட்டார் ஒவ்வொருவரும் ஒரு குண்டான் பொங்கலும் ஒரு சீப்புப் பழமும் ஊட்ட, மறுநாள் வயிறு புளித்து அசைபோடாமல் நிற்கும் மாடுகளால் கால்நடை மருந்தகங்கள் நிறைந்துவிடுகின்றன. ஒரு மாட்டுக்கு ஒரு உருண்டை என்று பெரியவர் ஒருவரே கொடுத்து முடிப்பது உத்தமம்.

பழக்கும் நாட்களில் மாலையில் அவிழ்த்ததும் முதல் வேலை, நுகத்தடி அமர்ந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது. சூடு தட்டினாலோ, தொட்டதும் தோலைச் சுளித்தாலோ, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போட்டு வைத்து, வீக்கம் வடிந்து தோல் பழைய நிலைக்கு வரும் வரை பூட்டாமல் விட வேண்டும். அந்த நாட்களில் நுகத்தடியை எடுத்துக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, சிராய் இல்லாமல் வழவழப்பாக்கி எண்ணெய் தடவி வைக்கலாம். மழையில் நனைந்த நுகத்தடியை அப்படியே மறுநாள் காலையில் கழுத்தில் வைக்கக் கூடாது.