மாணவர் எழுதும் நிரலும் இலவசக் களஞ்சியங்களும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணினி அறிவியல்)

கணிப்பொறி பயிலும் நாம் ஒவ்வொரு பருவத்திலும் எத்தனையோ நிரல்களை எழுதுகிறோம். எழுதியவற்றை எங்கே வைத்துக் காப்பது என்பதைப் பற்றி மட்டும் நமது பாடநூல்கள் பேசுவதில்லை. ஆய்வகக் கணிப்பொறியில் வைத்தால் பருவ இறுதியில் வட்டைத் துடைத்துவிடுகிறார்கள். பென்டிரைவில் வைத்தாலோ அது கைமாறிக் கைமாறி வைரஸோடு திரும்பி வருகிறது. சொந்தமாக மடிக்கணினி உடையவர் நம்மில் சிலரே. அப்படியே இருப்பினும், நாம் வாழ்வது மரக்காணம் கடற்கரை. 2011இல் தானே, 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் வந்து போகும் இடம் இது. கூரை ஒழுகும் வீட்டில் அரிசிப் பானைக்கே இடம் தேட வேண்டியிருக்கும் இரவில் மடிக்கணினியை எங்கே வைப்பது?

ஆகவே நிரலின் ஒரு படியேனும் நம் ஊருக்கு வெளியே இருத்தல் வேண்டும். அதற்கு உதவுவனவே கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட் முதலான இணையக் களஞ்சியங்கள். இவற்றுள் எது நமக்கு ஏற்றது, இலவசம் என்கிறார்களே அது எந்த அளவுக்கு இலவசம், நாம் வைப்பதைப் பிறர் காணாமல் காக்க இயலுமா என்பனவற்றை யான் அறிந்த அளவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். கிட் வேறு, கிட்ஹப் வேறு. கிட் என்பது நிரலில் நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் ஒரு கருவி. அதன் பிறப்பு வரலாறே நமக்குப் பாடமாக அமைந்துள்ளது. லினக்ஸ் கெர்னலை எழுதிவந்த வல்லுநர்கள் பிட்கீப்பர் என்னும் தனியார் மென்பொருளைச் சில ஆண்டுகள் இலவசமாகப் பயன்படுத்தி வந்தனர். 2005ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இலவசச் சலுகையை நிறுத்திக்கொண்டது. அதனால் லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் தாமே புதியதொரு கருவியை எழுதத் தொடங்கினார். அதுவே கிட். ஓர் இலவசம் நின்றுபோனதால் பிறந்த கருவி இது என்பதை நினைவிற் கொள்க.

கிட்டின் சிறப்பு யாதெனில், களஞ்சியத்தைப் படியெடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் வந்துவிடுகிறது. இணையத்தில் இருப்பது மூலம், நம்மிடம் இருப்பது நகல் என்னும் பாகுபாடு இதில் இல்லை. கிட்ஹப் முதலியவை அத்தகைய படி ஒன்றை வைத்துக்கொள்ள இடம் தரும் நிறுவனங்களே ஆகும். இனிச் சொல்லப்போகும் யாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

தனிக் களஞ்சியம் எதற்கு?

நாம் வைக்கும் நிரலை உலகோர் யாவரும் காணலாம் எனில் அது பொதுக் களஞ்சியம். நாம் அனுமதிப்போர் மட்டும் காணலாம் எனில் அது தனிக் களஞ்சியம். ‘ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் பொதுவிலேயே வைக்கலாமே’ என்று நண்பர் சிலர் கேட்பதுண்டு. பல நிரல்களுக்கு அக்கேள்வி நியாயமானதே. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும், ஓப்பன்-தமிழ் என்னும் நிரல் தொகுப்பும் கிட்ஹப்பில் பொதுவில் இருப்பதால்தான் நம்மைப் போன்ற மாணவர் அவற்றைத் திறந்து படிக்க முடிகிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியின் பறவைக் கணக்கை ஒருவர் நிரலாக்கினால், அதனையும் பொதுவில் வைப்பதே நன்று.

ஆனால் எங்கள் வகுப்பில் மூவர் சேர்ந்து செய்துவரும் செயல்திட்டத்தைப் பாருங்கள். அது உப்பளக் கூலிக் கணக்கு. பாத்தியில் ஆண்கள் உப்பு வாரி ஒதுக்க, பெண்கள் அதனைக் கூடையில் சுமந்து மேட்டில் அம்பாரமாகக் குவிப்பர். யார் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு பெற்றார் என்பதெல்லாம் மேஸ்திரியின் நோட்டில் இருக்கும். ஐப்பசி மழை தொடங்கினால் பாத்தியில் வேலை இல்லை. மழை ஓய்ந்து மீண்டும் உப்பு விளையும் வரை முன்பணம் வாங்கித்தான் பல குடும்பங்களில் உலை கொதிக்கிறது. அந்த முன்பணமும் நோட்டில் ஏறும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் தம் கணக்கைத் தாமே செல்பேசியில் கேட்டறிய வேண்டும் என்பதே இந்நிரலின் எண்ணம். என் தாயும் அப்பாத்திகளில் உழைப்பவரே. எந்தத் தெருவில் யாருக்கு எவ்வளவு கடன் என்பதை உலகம் பார்க்கும்படி வைக்க எங்களுக்கு என்ன உரிமை உண்டு? இங்கே தனிக் களஞ்சியம் என்பது மரியாதையைப் பற்றியது. செய்முறைத் தேர்வுக்கான நிரலைப் பிறர் பார்த்தெழுதாமல் காப்பது அதற்கு அடுத்த பயன்தான்.

தனிக் களஞ்சியமும் முழு மறைவிடம் அன்று. அது வாடகை வீட்டுப் பூட்டைப் போன்றது. மாற்றுச் சாவி வீட்டுக்காரரிடமும் உண்டு. ஆகையால் உண்மையான பெயர்களையும் தொகைகளையும் களஞ்சியத்தில் ஏற்றாமல், கற்பனைப் பெயர்களைக் கொண்டு நிரலைச் சோதிப்பதே முறை. தரவுக் கோப்பின் பெயரைக் கிட்இக்னோர் என்னும் கோப்பில் முதலிலேயே எழுதிவிட்டால் கிட் அதனைத் தொடாது. முதலிலேயே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஏற்றிய கடவுச்சொல்லையோ கோப்பையோ மறுநாள் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே தங்கிவிடும். கிட்டின் சிறப்பு என்று மேலே சொன்னோமே, அதுவே இங்கு இடர்.

இலவசம் வந்த வழி

கிட்ஹப் 2008இல் தொடங்கப்பட்டது. பொதுக் களஞ்சியம் இலவசம், தனிக் களஞ்சியத்துக்குக் கட்டணம் என்பதே அதன் தொடக்ககால விதி. மாதம் 7 டாலர் என்பது 2019ஆம் ஆண்டு நாணய மதிப்பில் ஏறக்குறைய 500 ரூபாய். எங்கள் பகுதியில் அது ஒருநாள் கூலிக்கும் மேல். அதே 2008இல் தோன்றிய பிட்பக்கெட்டை 2010இல் அட்லாசியன் நிறுவனம் வாங்கியது. ஐவர் வரை உள்ள குழுவுக்குத் தனிக் களஞ்சியம் இலவசம் என்றது. 2011இல் உக்ரைன் நாட்டவரான திமித்ரி சபரோஷெட்ஸ் தொடங்கிய கிட்லேப்பும் பின்னர் தன் இணையதளத்தில் தனிக் களஞ்சியத்தை இலவசமாகவே தந்தது. எனவே கையில் காசில்லாத மாணவர்கள் இவ்விரண்டையும் நாடினர்.

2014இல் கிட்ஹப் மாணவர்களுக்கெனத் தனிச் சலுகைத் தொகுப்பு ஒன்றை அறிவித்தது. 2018இல் அந்நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2019 ஜனவரியில், மூவர் வரை பங்கேற்கும் தனிக் களஞ்சியம் எல்லோருக்கும் இலவசமாயிற்று. 2020 ஏப்ரலில் அந்த மூவர் என்னும் வரம்பும் நீங்கியது. போட்டி இருந்ததால் நமக்கு வந்த நன்மை இது என்பது என் கருத்து. மாறாக, கிட்லேப் 2022இல் தன் தளத்தின் இலவசத் தனிக் குழுக்களுக்கு ஐவர் என்னும் வரம்பை விதித்தது. கதவு இரு பக்கமும் திறக்கும், மூடும்.

எதைத் தேர்வது?

மூவரோ நால்வரோ சேர்ந்து செய்யும் கல்லூரிச் செயல்திட்டத்துக்கு மூன்றுமே போதும். இதில் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வேலை தேடும்போது நம் பணியைப் பலரும் எளிதில் காண வேண்டுமாயின் கிட்ஹப் நன்று. பெரும்பாலோர் அங்கேதான் இருக்கின்றனர். களஞ்சியத்தை நடத்தும் மென்பொருளையே நம் கணிப்பொறியில் நிறுவிக் கற்க விரும்புவோர்க்குக் கிட்லேப் ஏற்றது. அதன் சமுதாயப் பதிப்பு கட்டற்ற மென்பொருளாகும். வணிக நோக்கமற்ற இடம் வேண்டுவோர்க்கு, பெர்லின் நகரில் ஒரு சங்கம் நடத்தும் கோட்பெர்க் உள்ளது. ஆனால் அது கட்டற்ற மென்பொருளுக்காகவே அமைந்த இடமாதலால் தனிக் களஞ்சியத்துக்கு அதனை நாடுதல் பொருந்தாது.

இவற்றைவிட நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நாளை இவ்விடம் மூடப்பட்டால் நம் நிரல் என்னாகும்? இது வீண் அச்சமன்று. கூகிள் போன்ற பெருநிறுவனமே 2006இல் தொடங்கிய கூகிள் கோட் என்னும் களஞ்சியத்தை 2016இல் மூடிவிட்டது. மெர்க்குரியல் என்னும் வேறொரு கருவிக்காகவே பிறந்த பிட்பக்கெட், 2020இல் அக்கருவிக்கான ஆதரவையே கைவிட்டது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் பணியாளர் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்துவிட, ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு மீளாமற் போயிற்று. அவர்கள் வைத்திருந்த பல்வகைக் காப்புமுறைகள் அந்நேரத்தில் கைகொடுக்கவில்லை. இதில் உற்றுநோக்கத்தக்கது ஒன்று உண்டு. இழந்தவை குறைபாட்டுக் குறிப்புகளும் கருத்துரைகளும் போன்றவையே. கிட் களஞ்சியங்கள் தப்பின. நாம் படியெடுக்கும்போதும் நிரலும் அதன் வரலாறும் மட்டுமே வரும். தளத்தில் எழுதிய உரையாடல்கள் உடன் வாரா. எனவே முக்கிய முடிவுகளை நிரலோடு சேர்த்து ஓர் உரைக்கோப்பில் எழுதிவைப்பது நலம்.

மூடப்படாமலே கைக்கு எட்டாமற் போவதும் உண்டு. தீவிரவாதப் பிரசாரத்தைத் தடுப்பதாகக் கூறி 2014 டிசம்பரில் மைய அரசின் தொலைத்தொடர்புத் துறை 32 இணையதளங்களைத் தடைசெய்தபோது, கிட்ஹப்பின் பக்கங்களும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளமும் அவற்றுள் அகப்பட்டன. கிட்ஹப் மீதான தடை விரைவில் நீங்கியது என்பது உண்மையே. எனினும் அந்நாள்களில் ஒருவருக்குச் செய்முறைத் தேர்வு இருந்திருந்தால்? 2019இல் அமெரிக்க வணிகத் தடையால் ஈரான் நாட்டு நிரலாளர் பலரின் தனிக் களஞ்சியங்கள் முடக்கப்பட்டன. 2021இல்தான் அந்நாட்டினர்க்கு முழுச் சேவை மீண்டது.

எனவே இணையத்தில் ஒரு படி, கையில் ஒரு படி என்று வைத்துக்கொள்ளல் வேண்டும். பலர் அறியாத செய்தி, பென்டிரைவிலேயே கிட் களஞ்சியம் ஒன்றை அமைக்கலாம் என்பது. இணையதளத்துக்கு அனுப்புவது போலவே அதற்கும் மாற்றங்களை அனுப்பலாம். இணைய இணைப்பே வேண்டா. இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆய்வகத்தின் பழைய கணிப்பொறி ஒன்றில் ஃபோர்ஜெஜோ அல்லது கிட்டீ என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவினால், கிட்ஹப்பைப் போன்ற தளம் ஒன்று கல்லூரிக்குள்ளேயே கிடைத்துவிடும். ராஸ்பெரி பை போன்ற சிறு கணிப்பொறியிலும் இயங்கக்கூடிய எளிய மென்பொருள்கள் அவை. மின்சாரமும் பொறுப்பாளர் ஒருவரும் இருந்தால் போதும். இரண்டாவதுதான் கிடைப்பது அரிது. நம் மாவட்டத்தில் விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகின்றனர். இத்தகைய முயற்சிக்கு அவர்களை அணுகலாம்.

சேருமுன் அறிய வேண்டியவை

கிட்ஹப்பின் மாணவர் சலுகைக்குக் கல்லூரியின் பெயரில் மின்னஞ்சல் இருந்தால் எளிது. அரசு கலைக்கல்லூரிகளில் பயிலும் நம்மில் பலருக்கு அது இல்லை. அடையாள அட்டையின் படத்தைக் கொண்டும் விண்ணப்பிக்கலாம். பெயரும் கல்வியாண்டும் தெளிவாகத் தெரிதல் வேண்டும். சலுகை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தனிக் களஞ்சியம் சாதாரணக் கணக்கிலேயே உண்டு.

2021 ஆகஸ்டு முதல் கட்டளைவழி நிரலை அனுப்பக் கிட்ஹப் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். ஆய்வகக் கணிப்பொறியில் அந்த டோக்கன் சேமிக்கப்பட்டுவிட்டால் அடுத்து அமர்பவர் நம் பெயரில் எழுதலாம். ஆதலால் எழுமுன் அதனை நீக்கிவிடுக. 2023 முதல் நிரல் பங்களிப்போர்க்கு இரட்டைச் சரிபார்ப்பும் கட்டாயமாக்கப்பட்டு வந்துள்ளது. வீட்டுக்கு ஒரே செல்பேசி உள்ள குடும்பங்களில் இது பெருஞ்சிக்கல். அண்ணன் செல்பேசியை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டால் தங்கை தன் கணக்கைத் திறக்க இயலாது. அதற்கெனவே தளம் மீட்புக் குறியீடுகளைத் தருகிறது. அவற்றைத் தாளில் எழுதி, சான்றிதழ்கள் வைத்திருக்கும் பெட்டியில் வைத்திடுக.

கணக்கைத் தொடங்கும்போது சொந்த மின்னஞ்சலையே முதன்மை முகவரியாகக் கொடுக்க வேண்டும். கல்லூரி மின்னஞ்சல் கிடைத்தவர்களுக்கும் அது படிப்பு முடிந்தபின் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. பட்டம் பெற்றபின் மாணவர் சலுகை முடிவுறும். அப்போதும் தனிக் களஞ்சியங்கள் அழிவதில்லை. இலவசக் கணக்கில் அப்படியே தொடரும். விக்கி, பாதுகாக்கப்பட்ட கிளை ஆகிய சில வசதிகள் மட்டும் தனிக் களஞ்சியத்தில் நின்றுவிடும். மூன்றாம் ஆண்டு நண்பர்கள் ஏப்ரலுக்குள் தத்தம் களஞ்சியங்களைப் பென்டிரைவில் ஒரு படி எடுத்துக்கொள்வார்களாக.