கிளைக்குப் போய்ச் சேராத விலை

சென்ற நோன்பு காலத்தில் பேரீச்சம்பழத்தின் விலையைக் கிலோவுக்கு நாற்பது ரூபா குறைத்தேன். பிரதான கடையில் புதிய விலை. கிளையிலோ மறுநாளும் பழைய விலை. ஒரு தாய் இரண்டு பில்களையும் கொண்டுவந்து காட்டியபோது தலைகுனிந்து நின்றேன். மேலதிகமாக எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கேட்காமல் போனவர்களின் ஹக்குக்கு யார் பொறுப்பு?

காரணத்தைத் தேடினோம். கணனியில் விலைக்கு ஒரு நேரம், இருப்புக்கு ஒரு நேரம், விற்பனைக்கு ஒரு நேரம் என்று தனித்தனி ஏற்பாடுகள். விலைப்பட்டியல் இரவு பத்து மணிக்குச் செல்ல வேண்டும். அன்று அந்நேரம் கிளையில் மின்சாரம் இல்லை. நேரம் கடந்ததும் கணனி அதை மறந்துவிட்டது. அடுத்த தவணை மறுநாள் இரவு பத்துக்குத்தான்.

மென்பொருள் செய்து தந்த தம்பியோடு உட்கார்ந்து முறையை எளிதாக்கினோம். கிளை வைத்திருக்கும் ஏனைய வியாபாரிகளுக்கும் இது உதவும்.

ஒன்று: தனித்தனி ஏற்பாடுகளை நீக்கி ஒரே அட்டவணை வைத்தோம். எதை அனுப்புவது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது போய்ச் சேர்ந்தது என மூன்றே நிரல்கள். ஒரே புரோகிராம் நிமிடத்துக்கொரு முறை அதைப் பார்த்து, தவணை வந்ததை அனுப்பும். யுனிக்ஸ் கணனிகளில் 1970களிலிருந்தே உள்ள 'குரோன்' என்பதும் இப்படி ஒரு பட்டியலைப் பார்த்து வேலை செய்வதுதான். ஆனால் தவறிய நேரத்தை அது திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்காகவே மூன்றாம் நிரல்.

இரண்டு: அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. கிளையிலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வந்த பின்னரே நேரம் பதியப்படும். பதில் இல்லையேல் அடுத்த நிமிடம் மீண்டும் முயலும்.

மூன்று: விலையைப் பொறுத்தவரை கடைசி விலை போதும். ஆறு தவணை தவறினாலும் ஒருமுறை அனுப்பினால் சரி. விற்பனைப் பில் அப்படியல்ல. ஒன்றும் விடுபடக்கூடாது, ஒன்றே இருமுறை பதியப்படவும் கூடாது. ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் கிளையின் பெயரோடு தொடர் இலக்கம் உண்டு. அதே இலக்கம் மறுபடி வந்தால் பிரதான கணனி ஒதுக்கிவிடும்.

இப்போது காலையில் கடை திறந்ததும் மூன்றாம் நிரலைத்தான் முதலில் பார்க்கிறேன். நேரம் பழையதாக இருந்தால் உடனே கிளைக்குத் தொலைபேசியில் விலையைச் சொல்லிவிடுவேன்.

தவணைக் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆன் (2:282) பணிக்கிறது. எழுதிய கணக்கு இரண்டு கடையிலும் ஒன்றாக இருக்கப் பார்த்துக்கொள்வதும் வியாபாரியின் அமானிதமே.